ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்தபின் எந்த வக்கீலைத் தேடுவது?

வண்டிக்கடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களிலோ, கட்டட வேலைக்கான ஒர்க் ஆர்டரின் பின்புறத்திலோ பொடி எழுத்தில் ஒரு ஷரத்து இருக்கும். இந்த ஒப்பந்தத்தால் எழும் எந்தத் தகராறும் ஆர்பிட்ரேஷன் மூலமே தீர்க்கப்படும், அதற்கான இடம் சென்னை அல்லது மும்பை, இப்படிப் போகும் அது. ஆர்பிட்ரேஷன் என்றால், கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் ஒருவரோ மூவரோ தகராறை விசாரித்து முடிவு சொல்லும் முறை. கையெழுத்துப் போடும்போது அதைப் படிப்பவர்கள் குறைவு. படித்தாலும் மாற்றச் சொல்லும் பலம் பெரும்பாலும் இருப்பதில்லை. பில் பணம் மாதக்கணக்கில் நின்றுபோன பிறகோ, எதிர்த்தரப்பிடமிருந்து தபால் வந்த பிறகோதான் தேடி எடுத்துப் பார்ப்பார்கள். அதன்பிறகு வக்கீல் வேட்டை.

குடும்பத்துக்குத் தெரிந்த வக்கீல், சொத்து வழக்கை நடத்திக் கொடுத்தவர், மைத்துனரின் நண்பர் என்று முதலில் கண்ணில் படுபவரிடம் போவதுதான் வழக்கம். பல நேரம் அதில் தவறில்லை. ஆனால் ஆர்பிட்ரேஷனில் வக்கீல் தேர்வு சாதாரண சிவில் வழக்கைவிடக் கனமான விஷயம். ஏன் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

கோர்ட் வழக்கில் முன்சீப் கோர்ட்டில் தோற்றவருக்கு அப்பீல் இருக்கிறது. மேல் கோர்ட் சாட்சியத்தை மறுபடி எடுத்துப் பார்க்கலாம், கீழே எடுத்த முடிவு தவறு என்று சொல்லலாம். 1996-ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் அந்த வசதி கிடையாது. நடுவர் கொடுக்கும் தீர்ப்பை, அதாவது அவார்டை, 34-ஆம் பிரிவின்படி கோர்ட்டில் எதிர்க்கலாம். ஆனால் காரணங்கள் குறுகியவை: ஒப்பந்தமே செல்லாதது, முறையான நோட்டீஸ் தரப்படவில்லை, நடுவர் தன் வரம்பைத் தாண்டினார், நாட்டின் பொதுக் கொள்கைக்கு முரண், முகத்தில் தெரியும் அளவுக்குச் சட்டப்பிழை. சாட்சியத்தை நடுவர் சரியாக எடைபோடவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. கோர்ட் அவார்டைத் திருத்தலாமா என்பதே பல ஆண்டு சர்ச்சை. தமிழ்நாட்டில் தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களின் இழப்பீட்டு வழக்குகளில், கோர்ட்டுக்குத் திருத்தும் அதிகாரம் இல்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சென்னையில் தொடங்கிய வேறொரு வழக்கில், 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அதைத் தளர்த்தியது. அதுவும் கணக்குப் பிழை, பிரித்தெடுக்கக்கூடிய தவறான பகுதி, அவார்டுக்குப் பிந்தைய வட்டி என்ற அளவுக்குத்தான்.

ஆகவே நடுவர் முன் வைக்காத ஆவணம், கேட்காத கேள்வி, எழுப்பாத ஆட்சேபம் எல்லாம் அநேகமாக நிரந்தரமாகப் போய்விடுகின்றன. 'மேலே பார்த்துக்கலாம்' என்று சொல்லும் வக்கீல் இந்த வேலைக்கு ஆள் இல்லை.

நல்ல வக்கீலை முதல் சந்திப்பிலேயே ஓரளவு அடையாளம் காணலாம். 'இது ஆர்பிட்ரேஷனுக்குப் போக வேண்டிய விஷயம்தானா?' என்ற கேள்வியை அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, சிறு நிறுவனம் ஒன்று பெரிய கம்பெனிக்குச் சரக்கு சப்ளை செய்து பணம் வரவில்லை என்றால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. புகாரை, இதற்கென்றே அந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் கவுன்சிலில் (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) தர வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு இடங்களில் அது இயங்குகிறது. முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் கவுன்சிலே ஆர்பிட்ரேஷனாக எடுத்துக்கொள்ளும். இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் வேறு ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவார்டை எதிர்க்க நினைக்கும் வாங்குபவர், முதலில் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். திருப்பூரிலோ கோவையிலோ சிறு யூனிட் நடத்துபவருக்கு இதைச் சொல்லாமல், ஷரத்தை மட்டும் படித்துவிட்டு நோட்டீஸ் அனுப்பும் வக்கீல், கட்சிக்காரருக்கு நஷ்டத்தைத்தான் செய்கிறார். சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு) இருந்ததா என்பது பெரும்பாலும் சண்டைக்குரிய கேள்வியாகிவிடும் என்பதால், அந்தச் சான்றிதழையும் முதல் நாளே கேட்பார் விவரமானவர்.

சீட்டுப் பணத் தகராறு என்றால் 1982-ஆம் ஆண்டின் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவாளரிடம் போக வேண்டும். பில்டருக்கு எதிரான நுகர்வோர் புகாரை ஆர்பிட்ரேஷன் ஷரத்து தடுக்காது என்பதும் 2018-லேயே முடிவான விஷயம். விவாகரத்து, உயில் மெய்ப்பித்தல், திவால் இவையெல்லாம் நடுவரிடம் போகவே முடியாது. மோசடிப் புகார் இருந்தால் என்ன ஆகும்? திருநெல்வேலியில் ஒரு ஹோட்டலைக் கூட்டாக நடத்திய சகோதரர்களுக்குள், ஒருவர் மற்றவர்களுக்குத் தெரியாமல் தன் மகனுக்குப் பெரிய தொகைக்கு செக் கொடுத்தார் என்று தகராறு வந்தது. மோசடி என்று சொல்லிவிட்டதால் சிவில் கோர்ட்தான் விசாரிக்க வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் நினைத்தன. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கணக்கு வழக்கு சார்ந்த சாதாரண மோசடிக் குற்றச்சாட்டை நடுவரே விசாரிக்கலாம் என்றது. குடும்பக் கூட்டு வியாபாரம் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு.

சரி, வக்கீலை எங்கே தேடுவது? விளம்பரத்தில் தேட முடியாது. பார் கவுன்சில் விதி 36 வக்கீல்கள் விளம்பரம் செய்வதையும் ஆள் பிடிப்பதையும் தடை செய்கிறது. ஆன்லைன் தளங்களில் நட்சத்திர மதிப்பெண்ணும் விலைப்பட்டியலும் போட்டு வக்கீல் சேவையை விற்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்து, அப்படி விளம்பரம் செய்வோர்மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எனவே இணையத்தில் 'நம்பர் ஒன் ஆர்பிட்ரேஷன் வக்கீல்' என்று யாராவது கண்ணில் பட்டால், விதியை மீறுவதில் தயக்கமில்லாதவர் என்பதுதான் அதிலிருந்து நிச்சயமாகத் தெரியும் தகவல்.

உருப்படியான வழி, அதே தொழிலில் அதே மாதிரித் தகராறைச் சந்தித்தவர்களைக் கேட்பது. கான்ட்ராக்டர் சங்கம், தொழில் சங்கம், கம்பெனியின் ஆடிட்டர். ஆடிட்டர்களுக்கு எந்த வக்கீல் கணக்கைப் படிப்பார், எவர் படிக்காமல் குமாஸ்தாவிடம் தள்ளிவிடுவார் என்பது நன்றாகத் தெரியும். கிடைத்த பெயர்களைச் சரிபார்க்கவும் வழி உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டே தேடலாம். அவர் ஆஜராகும் வழக்குகளில் ஆர்பிட்ரேஷன் மனுக்கள் இருக்கின்றனவா, அல்லது எல்லாமே ஜாமீனும் பாகப்பிரிவினையுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் நடுவர் முன் நடக்கும் விசாரணை எந்தத் தளத்திலும் வராது. அது ரகசியம் காக்கப்பட வேண்டியதும்கூட. அதனால் 'எத்தனை வழக்கில் கிளெய்ம் ஸ்டேட்மென்ட் போட்டு, குறுக்கு விசாரணை செய்து, அவார்டு வரைக்கும் போயிருக்கிறீர்கள்?' என்று நேராகக் கேட்டுவிடுவதே நல்லது. கட்சிக்காரர்கள் பெயரைச் சொல்லாமலே பதில் சொல்ல முடிகிற கேள்வி இது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆர்பிட்ரேஷன் மையமும், 2005 முதல் சென்னையில் இயங்கும் நானி பால்கிவாலா ஆர்பிட்ரேஷன் மையமும் வக்கீல் பிடித்துத் தரும் இடங்கள் அல்ல. விசாரணையை ஒரு நிறுவனத்தின் விதிப்படி நடத்த உதவுகிறவை அவை. அங்கே வழக்கு நடத்திப் பழகியவரா என்று விசாரிப்பது மட்டும் பயன்படும்.

பெரிய சீனியர் தேவையா என்று பலருக்கும் சந்தேகம். என் கணிப்பில், ஒரு கோடிக்குக் கீழுள்ள தகராறுகளில் பெரும்பாலும் தேவையில்லை. ஆர்பிட்ரேஷனில் ஜெயிப்பது ஆவணத்தாலும் குறுக்கு விசாரணையாலும். பதினைந்து வருடம் சிவில் விசாரணை நடத்தி, சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிப் பழகிய நடுத்தர வக்கீல், கோர்ட்டில் அரை மணி நேரம் அபாரமாக வாதாடும் சீனியரைவிட இங்கே அதிகம் உதவுவார். இன்னொரு நடைமுறைச் சங்கதியும் இருக்கிறது. தனிப்பட்ட நடுவர்கள் முன் நடக்கும் அமர்வுகள் பல நேரம் மாலை ஐந்து மணிக்கு மேலோ சனிக்கிழமையிலோ வைக்கப்படுகின்றன. வக்கீல்கள் பகலெல்லாம் கோர்ட்டில் இருப்பதுதான் காரணம். களைத்து வருபவர், முந்தின இரவு ஃபைலைத் திறக்காதவர், வாய்தா கேட்டே பழகியவர் என்றால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். சட்டமோ, நடுவர் நியமன நோட்டீஸ் பெற்றதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுவும் பதில் மனுவும் முடிய வேண்டும், அதிலிருந்து 12 மாதத்தில் அவார்டு வர வேண்டும் என்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கோர்ட் அனுமதி தேவை.

பணம் கேட்டு வழக்குப் போடுபவர் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். கட்டட சப்-கான்ட்ராக்டர் ஒருவருக்கு 50 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவைப்படும் வக்கீல், செய்த வேலையின் அளவுகளைக் குறித்துவைக்கும் எம்-புக்கைப் படிக்கத் தெரிந்தவர். வேலை நடக்க நடக்கப் போடும் ரன்னிங் பில்லில் எந்த ஐட்டம் வெட்டப்பட்டது, எக்ஸ்ட்ரா வேலைக்கு யார் சைட்டில் வாய்மொழியாக ஒப்புதல் கொடுத்தார், அது வாட்ஸ்அப்பில் எங்காவது பதிவாகியிருக்கிறதா, கடைசி பில் வாங்கும்போது 'இனி எந்தக் கிளெய்மும் இல்லை' என்ற சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று தோண்டித் துருவுபவர். இந்த நோ கிளெய்ம் சர்டிபிகேட் விஷயத்தைக் கட்சிக்காரர் தானாகச் சொல்லமாட்டார். வக்கீல்தான் கேட்டு வாங்க வேண்டும். எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் எடுத்து நீட்டும்.

அப்புறம் நோட்டீஸ். 21-ஆம் பிரிவின்படி, ஆர்பிட்ரேஷனுக்கு விடும்படி கேட்கும் நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளில்தான் வழக்கு தொடங்கியதாகக் கணக்கு. பொதுவான மூன்றாண்டுக் காலக்கெடுவும் அந்த நாளோடுதான் நிற்கும். 'பணம் தராவிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம்' என்று மட்டும் எழுதிய சாதாரண வக்கீல் நோட்டீஸ் இதற்குப் போதாது. ஷரத்தைக் குறிப்பிட்டு, தகராறைச் சொல்லி, நடுவரை நியமிக்கக் கேட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளில் அசையவில்லை என்றால் 11-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தை அணுகி நடுவரை நியமிக்கச் சொல்லலாம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத்தாள் சரியில்லையே என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தக் குறையால் ஷரத்து செல்லாததாகிவிடாது, பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று 2023 டிசம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கிவிட்டது.

செலவைப் பற்றிப் பேசத் தயங்கும் வக்கீலிடம் கவனமாக இருங்கள். கோர்ட்டில் நீதிபதிக்கு அரசு சம்பளம் தருகிறது, இங்கே நடுவரின் கட்டணம் நம் தலையில். சட்டத்தின் நான்காவது அட்டவணை ஒரு அளவைத் தருகிறது. 50 லட்ச ரூபாய் தகராறு என்றால், முதல் 20 லட்சத்துக்கு 97,500 ரூபாய், மிச்சமுள்ள 30 லட்சத்துக்கு 3 சதவீதமாக 90,000, மொத்தம் 1,87,500. ஒரே நடுவர் என்றால் அதற்குமேல் 25 சதவீதம் சேரும், ஆக 2,34,375. மூன்று நடுவர்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என்பதால் 5,62,500. பொதுவாக இரு தரப்பும் பாதிப்பாதி. எதிர்த்தரப்பு தன் பாதியைக் கட்டாமல் இருந்தால், வழக்கு நகர வேண்டும் என்பதற்காக அதையும் நாமே கட்ட நேரலாம். எதிர்த்தரப்பு எதிர்க்கிளெய்ம் போட்டால் அதற்குத் தனிக் கட்டணம். இந்த அட்டவணை எல்லாரையும் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நடுவர் தன்னிச்சையாகத் தன் கட்டணத்தை ஏற்றிக்கொள்ள முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் ஓ.என்.ஜி.சி. வழக்கில் சொன்னது. ஆகவே ஐந்து லட்சத்துக்குத் தகராறு செய்பவர் மூன்று நடுவர் ஷரத்தில் மாட்டிக்கொண்டால், ஒரே நடுவருக்கு எதிர்த்தரப்பைச் சம்மதிக்கவைப்பதுதான் வக்கீல் செய்ய வேண்டிய முதல் வேலை. அவ்வளவு சிறிய தொகைக்கு வக்கீலே இல்லாமல் நடுவர் முன் போகவும் சட்டத்தில் தடையில்லை.

வக்கீல் ஃபீஸைப் பொறுத்தவரை, 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்ற பேச்சை எடுப்பவரைத் தவிர்க்கவும். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. அமர்வுக்கு இவ்வளவு என்று பேசினால் வாய்தாக்கள் பெருகும் ஆபத்து இருக்கிறது. மனு, சாட்சியம், வாதம் என்று கட்டத்துக்கு இவ்வளவு என எழுத்தில் பேசிக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அவார்டை எதிர்க்கும் 34-ஆம் பிரிவு மனுவும், அவார்டுப்படி பணத்தை வசூலிக்கும் நிறைவேற்று மனுவும் அந்தத் தொகைக்குள் வருமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வாங்கியவரின் நிலைமை வேறு. வண்டிக்கடன் தவணை சில மாதம் தவறியிருக்கும். திடீரென்று முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து 'நான் நடுவராக நியமிக்கப்பட்டிருக்கிறேன், இந்தத் தேதியில் ஆஜராகவும்' என்று கடிதம் வரும். நியமித்தது கடன் கொடுத்த நிறுவனம். பலரும் அதைக் கோர்ட் சம்மன் இல்லை என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, அவர்கள் ஆஜராகாமலே ஒருதலையாகக் கொடுக்கப்பட்ட எக்ஸ்பார்ட்டி அவார்டு, அதன்பின் நிறைவேற்று மனு, ஜப்தி என்று வரிசையாக வரும்போதுதான் வக்கீலிடம் ஓடுகிறார்கள்.

ஆனால் இந்த ஒருதலைப்பட்ச நியமனமே சட்டப்படி நிற்காது. தகராறின் முடிவில் அக்கறையுள்ள தரப்பு தனியாக ஒரே நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ரயில்வே ஒப்பந்தம் தொடர்பான வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும், ஒரு தரப்புக்கு மட்டும் நியமன அதிகாரம் தரும் ஷரத்துகளைச் சமத்துவத்துக்கு விரோதமானவை என்றது. சும்மா இருந்ததாலோ, ஒருமுறை ஆஜரானதாலோ இந்த உரிமை போய்விடாது. தகராறு எழுந்த பிறகு எழுத்தில் தெளிவாக விட்டுக்கொடுத்தால்தான் போகும். எனவே வரும் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலைக் கேளுங்கள். நியமனத்தை ஏற்கவில்லை என்று முதல் பதிலிலேயே எழுதிவிடுவது பிற்பாடு வாதாடுவதைவிட மலிவு.

அவார்டு ஏற்கெனவே வந்துவிட்டதா? அப்படியானால் தேதிதான் எல்லாம். அவார்டு நகல் கைக்குக் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்குமேல் ஒரு நாள் தாமதமானாலும் மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை. அந்த நிலையில் ஊரில் பெயர்பெற்ற வக்கீலின் அப்பாயின்ட்மென்டுக்காக மூன்று வாரம் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. உடனே உட்கார்ந்து மனு எழுதக்கூடியவர் வேண்டும். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான உச்சவரம்பு உண்டு.

எந்த ஊர் வக்கீல் என்பதை ஷரத்திலுள்ள இடம் தீர்மானிக்கும். கோவை என்று இருந்தால் அவார்டை எதிர்க்கும் மனு கோவைக் கோர்ட்டில். மும்பை என்று இருந்தால், ஈரோட்டில் கடன் வாங்கி ஈரோட்டில் தவணை கட்டியவரும் பெரும்பாலும் மும்பைக் கோர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். அதே நேரம், ஜெயித்தவர் பணத்தை வசூலிக்க, தோற்றவரின் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டிலேயே நேரடியாக நிறைவேற்று மனு போடலாம். 2018-இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பு இது. ஆக, ஆவணங்களைத் திரட்ட ஊரில் ஒருவர், மனுக்களை நடத்த வேறு ஊரில் ஒருவர் என்று இரண்டு பேர் தேவைப்படலாம். அப்படியானால் யார் யாருக்குப் பொறுப்பு, தேதிகளை யார் கண்காணிப்பது என்பதை ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்ட தேதிகளால் போன வழக்குகள் உண்டு.

நடுவர் யார் என்பதைத் தேர்வதிலும் வக்கீலின் அனுபவம் தெரியும். ஓய்வுபெற்ற நீதிபதிதான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தூணின் தரத்தைப் பற்றிய சண்டைக்கு இன்ஜினியரும், கூட்டாளிகள் கணக்குக்கு ஆடிட்டரும் பொருத்தமாக இருக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் விசாரணையைத் தமிழிலேயே நடத்தலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. சாட்சிகள் எல்லாம் மேஸ்திரிகளும் சைட் சூப்பர்வைசர்களும் என்றால், இதைக் கேட்டு வாங்கும் வக்கீல் கிடைத்தால் விடாதீர்கள்.

நடுவில் வக்கீலோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். வழக்கமாகப் பழையவரிடம் ஆட்சேபமில்லை என்று எழுதி வாங்கிப் புதியவர் வக்காலத்து போடுவார். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிப் பழையவர் ஃபைலைப் பிடித்துவைக்க முடியாது. 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது, பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த 12 மாதக் கணக்கு வக்கீல் மாறியதற்காக நிற்காது. அதனால் மாற்றுவதென்றால் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள்.